கருமணல் எக்ஸ்ரே மேப்பிலிருந்து எண்களை எடுப்பது: பைஎம்சிஏ செய்முறைப் பதிவு

மணவாளக்குறிச்சிக் கருமணலை ஒரு கையிலும் சவறாக் கருமணலை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழக–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று. இரண்டிலும் கறுத்து மின்னுவது இல்மனைட் என்ற இரும்பு–டைட்டானிய ஆக்சைடு. வேறுபாடு மணிக்குள்ளே இருக்கிறது. இல்மனைட்டின் வாய்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் டைட்டானியம் டையாக்சைடு 52.65% வரவேண்டும். மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் அது சுமார் 55%, சவறாவில் சுமார் 60%. டைட்டானியம் எங்கிருந்தும் வந்து சேரவில்லை. இரும்பு கரைந்து போயிருக்கிறது. மணியின் ஓரத்திலும் விரிசல்களிலும் நீர் புகுந்து இரும்பை எடுத்துக்கொண்டு போக, மிச்சம் இருப்பதில் டைட்டானியத்தின் பங்கு கூடித் தெரிகிறது.

அந்த இழப்பு மணியில் எங்கே, எவ்வளவு என்று பார்க்க இரும்பு–டைட்டானியம் விகித மேப் வேண்டும். மேப் என்பது மணல் மீது எக்ஸ்ரே பீமைப் பாய்ச்சி, எந்தத் தனிமம் எவ்வளவு ஒளிர்கிறது என்று புள்ளி புள்ளியாகப் பதிந்த படம். மாறாத இல்மனைட்டில் அணு விகிதம் 1. இரும்பு குறைந்து சூடோரூட்டைல் என்ற கனிம நிலைக்கு வந்தால் 0.67. அதற்கும் கீழே போனால், டைட்டானியம் மிகுந்த மிச்சமான லியூகாக்சின். விகிதம் எடுக்க வகுக்க வேண்டும். வண்ணப் படத்தை வண்ணப் படத்தால் வகுக்க முடியாது. பைஎம்சிஏ போன்ற மென்பொருளின் திரையில் அழகாகத் தெரியும் மேப்பிலிருந்து எண்களைச் சேதமில்லாமல் வெளியே கொண்டுவரும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இதில் தவறினால், பின்னால் செய்யும் எந்தக் கணக்கும் நிற்காது.

கையாண்ட தரவு

எபாக்சிப் பிசினில் பதித்து, 1 மைக்ரான் வைரப் பசை வரை மெருகேற்றிய மணல்மணித் தட்டு. 2 மில்லிமீட்டருக்கு 1.5 மில்லிமீட்டர் பரப்பு, 10 மைக்ரான் அடி (ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்கு நகரும் தூரம்). ஆக 200 நெடுவரிசை, 150 வரிசை, மொத்தம் 30,000 பிக்சல். பிக்சலுக்கு 0.2 நொடி என்றால் 6,000 நொடி. மேசை நகரும் நேரம் தனி. பீம் ஆற்றல் 18.5 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்). சிர்கோனியத்தின் கே வரிகளை எழுப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது கே விளிம்பு, 18.0 கேஇவி என்பதால் இந்த ஆற்றல். ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு ஸ்பெக்ட்ரம், அதாவது ஆற்றல் வாரியான ஃபோட்டான் எண்ணிக்கை, கிடைக்கும். ஒரு ஸ்பெக்ட்ரத்துக்கு 2,048 சேனல், சேனலுக்கு 10 எலக்ட்ரான் வோல்ட். 4 பைட் எண்களாகச் சேமித்தால் வரிசை, நெடுவரிசை, சேனல் என்ற மூன்று பக்கமும் கொண்ட மொத்தத் தரவுக் கன சதுரமும் சுமார் 246 எம்பி. இந்த எண்களை முதலிலேயே தாளில் எழுதி வையுங்கள். பின்னால் எந்தக் கோப்பு சந்தேகம் தந்தாலும் முதல் சோதனை இந்தப் பெருக்கல்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்த மணலில் மோனசைட் கலந்திருக்கும். அது தோரியம் கொண்ட கனிமம், அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. கடற்கரையில் அள்ளிவந்து வீட்டில் அரைக்கும் வேலை வேண்டாம். ஆய்வகங்களில் ஏற்கனவே பதித்து வைத்த பாடத் தட்டுகளே இதற்குப் போதும்.

சேவ் பொத்தான் தருவது என்ன

மேப் ஜன்னலில் சேவ் பொத்தானை அழுத்தி பிஎன்ஜி எடுத்தால் கிடைப்பது 256 படி கொண்ட வண்ண அட்டவணை வழியாகப் போன படம். இல்மனைட் மணியில் இரும்பு 52,000 கவுண்ட் (டிடெக்டர் எண்ணிய ஃபோட்டான்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 52,000-ஐ 255 படியாகப் பிரித்தால் படிக்கு 204 கவுண்ட். பக்கத்துச் சிர்கான் மணியில் 90 கவுண்ட் இரும்பு இருந்தால் அது பூச்சியப் படியிலேயே புதைந்துவிடும். இதற்கு மேல் கீழ்வரம்பும் மேல்வரம்பும் தானாக மாறுவது, லாக் அளவு, பிக்சல்களுக்கு இடையே மென்மையாக்கல் எல்லாம் சேர்ந்தால் அந்தப் படத்திலிருந்து கவுண்டைத் திரும்பப் பெற வழியே இல்லை. மணவாளக்குறிச்சி மேப்பையும் சவறா மேப்பையும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு 'இதில் இரும்பு கூடுதல்' என்று சொல்வதை நிறையப் பார்க்கலாம். இரண்டு படத்துக்கும் வண்ண வரம்பு வேறு வேறு என்றால் அந்தப் பேச்சுக்கு மதிப்பே கிடையாது.

படம் சுவரொட்டிக்கு. கணக்குக்கு எடுக்கவேண்டியது கீழ்க்கண்டவற்றில் எது என்று முதலில் முடிவு செய்யவேண்டும்: மூல ஸ்பெக்ட்ரம், சாளரக் கூட்டல், ஃபிட் செய்த பீக் பரப்பு, எடை விழுக்காடு. பீக் என்பது ஒரு தனிமம் ஸ்பெக்ட்ரத்தில் தன் ஆற்றலில் எழுப்பும் மேடு. ஃபிட் என்பது ஒன்றன்மேல் ஒன்று விழும் பீக்குகளைக் கணித வளைகோடுகளால் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் தனியே எடுப்பது. சாளரக் கூட்டல் என்பது குறிப்பிட்ட ஆற்றல் எல்லைக்குள் விழுந்த கவுண்ட் அத்தனையையும் கூட்டுவது. ஆர்ஓஐ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். திரையில் முதலில் தெரிவதும் அதுவே, பலரும் எக்ஸ்போர்ட் செய்வதும் அதுவே. கருமணலுக்கு அது ஒத்துவராது.

சாளரம் ஏன் ஏமாற்றுகிறது

கே ஆல்ஃபா, எல் ஆல்ஃபா போன்றவை ஒரு தனிமம் வெளிவிடும் எக்ஸ்ரே வரிகளின் பெயர்கள். டைட்டானியம் கே ஆல்ஃபா 4.51, கே பீட்டா 4.93 கேஇவி. லாந்தனம் எல் ஆல்ஃபா 4.65, சீரியம் எல் ஆல்ஃபா 4.84. வனேடியம் கே ஆல்ஃபா 4.95. ஐந்தும் அரை கேஇவிக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. சிலிக்கான் டிடெக்டரின் பிரிதிறன் இந்த இடத்தில் 130 எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான். டைட்டானியத்தின் கே பீட்டா கே ஆல்ஃபாவில் சுமார் எட்டில் ஒரு பங்கு. கே ஆல்ஃபா 40,000 கவுண்ட் இருக்கும் இல்மனைட் பிக்சலில் கே பீட்டா மட்டும் 5,000 கவுண்ட் வரும். சீரியத்துக்கு 4.75 முதல் 4.93 வரை சாளரம் வைத்தால் அதில் ஏறத்தாழப் பாதி உள்ளே விழும். மேப்பில் இல்மனைட் மணி முழுக்கச் சீரியம் போல ஒளிரும்.

இது முதல் பொறி. இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. சிலிக்கான் டிடெக்டரில் விழும் ஒவ்வொரு வலுவான பீக்குக்கும் 1.74 கேஇவி கீழே ஒரு சிறிய எஸ்கேப் பீக் உண்டு. இரும்பு கே ஆல்ஃபா 6.40, அதிலிருந்து 1.74 போனால் 4.66. லாந்தனம் நிற்கும் அதே இடம். மூன்றாவது, பைல்-அப். இரண்டு இரும்பு ஃபோட்டான் ஒரே நேரத்தில் விழுந்தால் டிடெக்டர் அதை 12.80 கேஇவி ஒற்றை ஃபோட்டானாக எண்ணும். தோரியம் எல் ஆல்ஃபா 12.97. இடைவெளி 170 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலில் பீக்கின் அகலமே அதைவிடக் கூடுதல்.

சேர்த்துப் பாருங்கள்: இரும்பும் டைட்டானியமும் நிறைந்த ஒரு சாதாரண இல்மனைட் மணி, சாளரக் கூட்டலில் லாந்தனமும் சீரியமும் தோரியமும் கொண்டு தெரியும். அது மோனசைட்டின் கையெழுத்து. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், இங்கிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலிருந்துதான் மணவாளக்குறிச்சியின் சுரங்க வரலாறு தொடங்குகிறது. மோனசைட் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இந்தக் கடற்கரையில் விளையாட்டுக் கேள்வி அல்ல. தவறான சாளரத்தின் சிஎஸ்வி அட்டவணையைக் கொண்டு அதற்கு விடை சொல்லக் கூடாது.

எனவே எக்ஸ்போர்ட் செய்யவேண்டியது ஃபிட் செய்த பரப்பு. சாளரக் கூட்டலை வேண்டுமானால் ஒப்பிட மட்டும் வையுங்கள்.

ஃபிட் அமைப்பு

பைஎம்சிஏ பிரான்சின் கிரனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் கூடமான ஈஎஸ்ஆர்எஃபில் உருவான திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பதிப்புக்குப் பதிப்பு மெனுப் பெயர் சற்று மாறலாம், வேலை ஒன்றே.

ஆர்ஓஐ இமேஜிங் கருவியில் ஸ்கேன் தரவு சேமித்த எச்டிஎஃப்5 அல்லது ஈடிஎஃப் வடிவக் கோப்புகளைத் திறந்ததும் மொத்தக் கூட்டல் ஸ்பெக்ட்ரம் வரும். ஆற்றல் அளவீட்டை இந்தக் கூட்டல் ஸ்பெக்ட்ரத்தில்தான் சரிசெய்ய வேண்டும். டைட்டானியம் 4.51, இரும்பு 6.40, சிர்கோனியம் 15.77 மூன்றையும் பிடித்தால் போதும். பிறகு ஃபிட் அமைப்பில் பீம் ஆற்றல் 18.5 கொடுத்து, எஸ்கேப் பீக், பைல்-அப் பீக், சிதறல் பீக் மூன்று கட்டத்திலும் டிக் போடுங்கள். சிதறல் எதற்கு என்றால், 90 பாகையில் 18.5 கேஇவி ஒளியின் காம்ப்டன் பீக் (மாதிரியில் மோதி, ஆற்றல் சிறிது இழந்து சிதறிய ஒளி) 17.85-இல் விழும்; சிர்கோனியம் கே பீட்டா 17.67. காம்ப்டனைச் சேர்க்காமல் ஃபிட் செய்தால் குவார்ட்ஸ் மணியில்கூடச் சிர்கோனியம் எட்டிப் பார்க்கும்.

தனிமப் பட்டியலில் டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு, இரும்பு, இட்ரியம், சிர்கோனியம் எல்லாம் கே. லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம், ஹாஃப்னியம், தோரியம் எல் வரிகள். சீரியத்துக்கு எல் ஆல்ஃபாவை மட்டும் நம்பாமல் எல் குடும்பம் முழுவதையும் கொடுக்கவேண்டும், 5.61-இல் இருக்கும் எல் பீட்டா-2 டைட்டானியத்துக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது, அதுதான் ஃபிட்டை நேராக வைக்கும். காற்றில் எடுத்த ஸ்கேன் என்றால் ஆர்கானையும் சேருங்கள். ஆர்கான் கே ஆல்ஃபா 2.96, தோரியம் எம் ஆல்ஃபா 3.00, அதனால் காற்றில் எடுத்த மேப்பில் தோரியத்தின் எம் வரியைப் பார்க்கவே வேண்டாம். பாஸ்பரஸ் 2.01-இல் இருக்கிறது, காற்று அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

முதலில் கூட்டல் ஸ்பெக்ட்ரத்தில் ஃபிட் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து, பிறகு ஒரு இல்மனைட் பிக்சல், ஒரு மோனசைட் பிக்சல், ஒரு வெற்று எபாக்சி பிக்சல் மூன்றிலும் தனித்தனியே பாருங்கள். கூட்டலில் நன்றாக இருந்து இல்மனைட்டில் தோரியம் மீதம் வந்தால் பைல்-அப் சரியாகப் பிடிபடவில்லை என்று பொருள்.

ஸ்பெக்ட்ர வளைகோட்டை எடுப்பது

மேப்புக்குப் போகுமுன் தனி வளைகோட்டின் எக்ஸ்போர்ட். வரைபட ஜன்னலின் சேவ் பட்டியலில் ஸ்பெக்ஃபைல், வெற்று ஏஸ்கி, காற்புள்ளி சிஎஸ்வி, அரைப்புள்ளி சிஎஸ்வி, டேப் சிஎஸ்வி, கூடவே படவடிவங்கள் இருக்கும். நம் ஊர்க் கணினிகளில் தசமத்துக்குப் புள்ளிதான், ஆகவே காற்புள்ளி சிஎஸ்வி போதும். தசமத்துக்கே காற்புள்ளி போடும் ஐரோப்பிய அமைப்புக்காக அரைப்புள்ளி வகை.

இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, திரையில் ஐந்து வளைகோடு தெரிந்தாலும் கோப்பில் போவது பொதுவாகத் தேர்ந்தெடுத்து முன்னிற்கும் ஒன்று மட்டுமே. வேண்டிய கோட்டை முதலில் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். இரண்டு, கிடை அச்சு சேனலாக இருந்தால் கோப்பிலும் சேனலே போகும். எக்ஸ்போர்ட் செய்ததும் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள்: முதல் நெடுவரிசை 2047 என்றால் சேனல், 20.4 அளவில் இருந்தால் ஆற்றல். சேனலாகப் போயிருந்தால், சேனலை ஆற்றலாக மாற்றும் அளவீட்டுக் கெழுக்களை எழுதி வைத்திருக்கும் வரை சேதமில்லை.

ஃபிட் ஜன்னலிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. அங்கே சேனல், ஆற்றல், கவுண்ட், ஃபிட், பின்னணி, பைல்-அப் எல்லாம் தனித்தனி நெடுவரிசையாக ஒரே கோப்பில் வரும். பின்னணியும் பைல்-அப்பும் எவ்வளவு என்று பிறகு யார் கேட்டாலும் காட்ட அதுவே ஆதாரம். நேர்கோட்டில் வராமல் லாக் அச்சில் காட்டிக்கொண்டிருந்தாலும் கோப்பில் போவது கவுண்ட் மதிப்பே. பூச்சியக் கவுண்ட் சேனல்கள் லாக் படத்தில் மறைந்திருக்கும், கோப்பில் இருக்கும்.

மேப் முழுவதையும் எடுப்பது

எல்லாப் பிக்சலையும் ஒரே ஓட்டத்தில் ஃபிட் செய்யும் பேட்ச் ஃபிட்டை ஓட்டி முடித்தால் வெளியீட்டு ஃபோல்டருக்குள் இமேஜஸ் என்ற துணை ஃபோல்டர் உருவாகும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஈடிஎஃப் படங்கள், எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொண்ட டேட் கோப்பு, கேட்டிருந்தால் சிஎஸ்வி, டிஃப், எச்டிஎஃப்5 வடிவங்களும். டேட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு: பிக்சலுக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசைகள் அது எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்று சொல்லும். அடுத்து தனிமப் பரப்புகள். எஸ் என்று தொடங்கி அடைப்புக்குறிக்குள் தனிமப் பெயர் கொண்டவை அந்தப் பரப்பின் பிழை. பிழை நெடுவரிசைகளை அழித்துக் கோப்பைச் சிறிதாக்க வேண்டாம். தோரியம் 12 கவுண்ட், பிழை 15 என்றால் அங்கே தோரியம் இல்லை. பிழை போய்விட்டால் அந்த 12 ஒரு மதிப்பாக எல்லா அட்டவணையிலும் உட்கார்ந்துவிடும்.

30,000 வரி என்பது எக்செலுக்குச் சாதாரணம். ஒரு தாளில் 10,48,576 வரி கொள்ளும். ஆனால் நெடுவரிசை 16,384-க்கு மேல் கிடையாது. மூல ஸ்பெக்ட்ரக் கன சதுரத்தில் 6 கோடியே 14 லட்சம் எண்கள் இருக்கின்றன. அதைச் சிஎஸ்வியாக்க முயலவே வேண்டாம், எச்டிஎஃப்5-லேயே விடுங்கள். எக்செலில் இன்னொரு சங்கடம்: மாதிரிக்கு 3-4 என்று பெயர் வைத்திருந்தால் திறந்ததும் அதைத் தேதியாக மாற்றிவிடும், சேமித்தால் பழைய பெயர் போச்சு. மூலச் சிஎஸ்வியை எக்செலில் திறந்து அதே பெயரில் சேமிக்காமல் இருப்பதே வழி.

டிஃப் எடுப்பதாக இருந்தால் 32 பிட் மிதவைப் புள்ளி மட்டும். 16 பிட்டில் உச்சம் 65,535. அதற்கு மேல் போகும் எண்ணைச் சில நிரல்கள் உச்சத்திலேயே வெட்டும். சில சுற்றிவிடும், 70,000 கவுண்ட் 4,464 ஆகிவிடும். மணியின் நடுவில் திடீரென ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் வெளிச்சம் என்றால் இதுதான் நடந்திருக்கிறது. அதேபோல, ஃபிட் சில பிக்சலில் −3 போன்ற எதிர்ம எண் தரும். அது பிழையல்ல, பூச்சியத்தைச் சுற்றிய புள்ளியியல் ஆட்டம். குறியில்லாத 16 பிட்டில் அது 65,533 ஆகி, வெற்று எபாக்சியில் நட்சத்திரம் போல மின்னும். 32 பிட் டிஃபை விண்டோஸின் சாதாரணப் படக்காட்டியில் திறந்தால் முழுக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரியும். பதற வேண்டாம், இமேஜ்ஜே என்ற பட ஆய்வு நிரலில் திறந்து வரம்பைச் சரிசெய்தால் மேப் வரும். டிஃப் பிக்சலின் அளவை நினைவில் வைத்துக்கொள்ளாது என்றே கருதி, 1 பிக்சல் 10 மைக்ரான் என்று அங்கே அளவு கொடுத்துவிடுங்கள்.

தலைகீழும் பாம்பு ஸ்கேனும்

வரிசை 0 மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் வேறு. ஒன்றில் எடுத்து இன்னொன்றில் திறந்தால் மேப் தலைகீழாகும். மணல்மணிகள் உருண்டை என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டின் ஒரு மூலையில், ஸ்கேன் பரப்புக்குள் வருமாறு, ஒரு சிறு செப்புக் கம்பித் துண்டை வளைத்து வைத்துப் பதிப்பது நல்ல வழக்கம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. செம்பின் மேப்பைப் பார்த்தாலே இடவலமும் மேல்கீழும் தெரிந்துவிடும்.

மேசை ஒரு வரிசையில் இடமிருந்து வலம் போய், தொடக்கத்துக்குத் திரும்பாமல் அடுத்த வரிசையில் வலமிருந்து இடம் வரும் பாம்பு ஸ்கேனில், 0 முதல் எண்ணினால் ஒற்றைப்படை வரிசைகளைத் திருப்பிப் போடவேண்டும். திருப்பாமல் எக்ஸ்போர்ட் செய்தால் மணிகள் இரண்டாகத் தெரியும், அது உடனே புரிந்துவிடும். ஏமாற்றுவது ஒரு பிக்சல் நழுவல்: மேசையின் நகர்வுக்கும் டிடெக்டரின் பதிவுக்கும் இடையே தாமதம் இருந்தால் ஒன்றுவிட்ட வரிசைகள் ஒரு பிக்சல் தள்ளி நிற்கும். மணியின் செங்குத்து ஓரம் ரம்பப் பல் போலத் தெரிந்தால் அதுவே. ஓரத்தில் இரும்பு இழப்பைத் தேடுகிற வேலைக்கு ஓரப் பிக்சல்தான் உயிர். எனவே மேசை உண்மையில் நின்ற இடத்தைச் சொல்லும் என்கோடர் எண்கள் பதிவாகியிருந்தால், கட்டளை நிலையை விட்டுவிட்டு அவற்றைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுங்கள்.

நம் பக்கத்தில் மழைக்காலத்தில் மின்வெட்டு ஸ்கேனை நடுவில் நிறுத்துவது உண்டு. 150 வரிசையில் 112 முடிந்து நின்றால் மீதி 38 வரிசையைப் பூச்சியமாக நிரப்பும் நிரல்கள் இருக்கின்றன. பூச்சியம் ஒரு அளவீடு. அளக்காத இடம் வேறு. அந்த வரிசைகளை 'எண் இல்லை' என்று குறிக்கவேண்டும், இல்லையெனில் சராசரி எல்லாம் தாழ்ந்துவிடும். 113-ஆவது வரிசை பாதியில் நின்றிருந்தால் அதை முழுதாக விட்டுவிடுவதே மேல்.

எப்போது சமன் செய்வது

பீம் அடர்த்தி ஸ்கேன் நெடுக ஒன்றாக இருக்காது. பீமின் அடர்த்தியை அளக்கும் அயனி அறையின் எண்ணால் ஒவ்வொரு பிக்சலையும் வகுத்துச் சமன் செய்யவேண்டும். டெட் டைம் (ஒரு ஃபோட்டானை எண்ணும்போது டிடெக்டர் அடுத்ததைத் தவறவிடும் நேரம்) திருத்தமும் வேண்டும். வெளிச்சமான இல்மனைட் பிக்சலில் டெட் டைம் 30% என்றால் உண்மைக் கவுண்ட், பதிவானதைப் போல 1.43 மடங்கு, பக்கத்துச் சிர்கானில் 5% என்றால் 1.05 மடங்கு. திருத்தாமல் விட்டால் இல்மனைட்டின் இரும்பு சிர்கானோடு ஒப்பிடும்போது நான்கில் ஒரு பங்குக்கு அருகில் குறைத்துக் காட்டப்படும். நான்கு டிடெக்டர் கொண்ட அமைப்பு என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தியபின் கூட்டவேண்டும். கூட்டியபின் திருத்தக் கூடாது.

இந்தச் சமன் செய்தல் எல்லாம் ஃபிட்டுக்குப் பின்னால். ஃபிட் செய்யும் கணக்கு ஒவ்வொரு சேனலுக்கும் கவுண்டின் வர்க்கமூலத்தைப் பிழையாக எடுத்துக்கொள்கிறது. 400 கவுண்டுக்குப் பிழை 20. ஸ்பெக்ட்ரத்தை முன்கூட்டியே அயனி அறை எண்ணால் வகுத்துவிட்டால் 400 என்பது 0.0004 ஆகி, அந்தப் பிழைக் கணக்கு பொருளற்றுப் போகும். மூலக் கவுண்டில் ஃபிட், வந்த பரப்பில் சமன், அதே பெருக்கெண்ணால் பிழை நெடுவரிசையும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

இரும்பு–டைட்டானிய விகிதத்தில் இரண்டும் ஒரே ஸ்பெக்ட்ரத்திலிருந்து வருவதால் அயனி அறையும் டெட் டைமும் அடித்துப்போகும். அதனால்தான் விகித மேப் இவ்வளவு உறுதியானது.

விகிதம்

டைட்டானியம் உச்சத்தின் 10 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பிக்சல்களை முதலில் மறைத்துவிடுங்கள். பூச்சியத்துக்கு அருகில் வகுத்தால் வானளாவிய எண்கள் வரும். 40,000 கவுண்ட் டைட்டானியத்துக்குப் பிழை 200, அதாவது 0.5%. 52,000 இரும்புக்கு 228, அதாவது 0.44%. விகிதத்தின் பிழை சுமார் 0.67%. அணு விகிதம் 1-இலிருந்து 0.67-க்கு இறங்குவதைப் பிடிக்க இது தாராளம். ஒரு மணிக்கு ஒரே எண் வேண்டுமென்றால் பிக்சல் விகிதங்களின் சராசரி எடுக்காமல், மணியின் இரும்பை எல்லாம் கூட்டி, டைட்டானியத்தை எல்லாம் கூட்டி, பிறகு வகுக்கவேண்டும்.

கவுண்ட் விகிதம் எடை விகிதமல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. இரும்பின் 6.40 கேஇவி ஒளி டைட்டானியத்தின் கே விளிம்பான 4.97-க்கு மேலே இருக்கிறது; மணிக்குள் கிளம்பிய இரும்பு ஒளியின் ஒரு பகுதியை டைட்டானியம் விழுங்கி, தானே கூடுதலாக ஒளிர்கிறது. ஆகவே இயைபு தெரிந்த இல்மனைட் ஒன்றை அதே அமைப்பில் அளந்து, அதைக்கொண்டு அளவிடவேண்டும். மணியின் விளிம்பிலும் கவனம் வேண்டும்: எபாக்சிக்குள் சரிந்து மெலியும் ஓரத்தில் ஒளி வெளியேறும் பாதை மாறும், இரும்பு ஒளியும் டைட்டானிய ஒளியும் மணிக்குள் ஒரே அளவில் விழுங்கப்படுவதில்லை. டிடெக்டரை நோக்கிய ஓரத்திலும் எதிர்ப்புற ஓரத்திலும் விகிதம் ஒன்றுபோல் இறங்கினால் அது வேதியியல். ஒருபுறம் மட்டும் இறங்கினால் சாய்வின் வேலையாக இருக்கலாம். விரிசல் வழியே மணியின் நடுவுக்கு ஓடும் தாழ்ந்த விகிதக் கோடுதான் ஐயமற்ற சான்று.

இதோடு காம்ப்டன் பீக்கின் மேப்பையும் எக்ஸ்போர்ட் செய்ய மறக்காதீர்கள். அலுமினியமும் சிலிக்கானும் காற்றில் எடுத்த மேப்பில் அநேகமாகத் தெரியாது. அதனால் சிலிமனைட்டும் குவார்ட்ஸும் எல்லாத் தனிம மேப்பிலும் வெறும் ஓட்டைபோல் இருக்கும். இலேசான பொருள் காம்ப்டனை அதிகம் சிதறடிப்பதால், அந்த மேப்பில் மட்டும் அவை மணியாக எழுந்து நிற்கும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கித் தரவு என்றால்

அதே தட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தால் தரவு பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் இருக்கும். பொதுவடிவமாக ரா, ஆர்பிஎல் இணையை எக்ஸ்போர்ட் செய்யக் கேளுங்கள். ரா கோப்பு வெறும் எண்கள். ஆர்பிஎல் என்பது அகலம், உயரம், ஆழம், தொடக்க இடைவெளி, எண்ணுக்கு எத்தனை பைட், எண் வகை, பைட் ஒழுங்கு, பதிவு முறை ஆகியவற்றைச் சொல்லும் சிறு எழுத்துக் கோப்பு. 1024 × 768 பிக்சல், 2,048 சேனல், 2 பைட் என்றால் பெருக்கினால் 3,22,12,25,472 பைட் வரவேண்டும். கோப்பின் அளவு அதுவாக இல்லையென்றால் மேலே போகவே வேண்டாம். அளவு சரியாக இருந்தும் படம் கலைந்த கோலமாகத் தெரிந்தால் பதிவு முறை மாறியிருக்கிறது: பிக்சல் பிக்சலாக எழுதியதைச் சேனல் சேனலாக வாசிக்கிறது. 1 கவுண்ட் இருக்கவேண்டிய இடமெல்லாம் 256 என்று வந்தால் பைட் ஒழுங்கு தலைகீழ். இரண்டையும் ஆர்பிஎல் கோப்பில் ஒரு சொல்லை மாற்றிச் சரிசெய்யலாம்; ராவைத் தொடவேண்டியதில்லை.

கைமாற்றும்போது

நாகர்கோவிலில் எடுத்த தரவு திருவனந்தபுரத்தில் திறக்கப்படும். அங்கிருந்து திரும்பியும் வரும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற ஊர்ப்பெயர்களைத் தமிழ் வழியாகவும் மலையாளம் வழியாகவும் ஆளுக்கொரு ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதுவதால், ஒரே மாதிரிக்கு மூன்று ஃபோல்டர் உருவாகிவிடுகிறது. கோப்புப் பெயரில் தமிழ், மலையாள எழுத்து இருந்தால் சில பழைய வாசிப்பு நிரல்கள் கோப்பே இல்லை என்று சொல்லும். இரண்டெழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு வைத்து, முழு ஊர்ப்பெயரை எச்டிஎஃப்5 கோப்பின் பண்புகளில் எழுதுங்கள்.

அதே பண்புகளில் போகவேண்டியவை: பீம் ஆற்றல், பிக்சல் அடி, பிக்சல் நேரம், ஆற்றல் அளவீட்டுக் கெழுக்கள், எண்களின் அலகு (கவுண்டா, சமன் செய்த கவுண்டா, எடை விழுக்காடா), பாம்பு வரிசைகள் திருப்பியாயிற்றா இல்லையா, பைஎம்சிஏயின் பதிப்பு எண். ஃபிட் அமைப்புக் கோப்பையும் கூடவே வையுங்கள். ஸ்கேன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எச்டிஎஃப்5 கோப்பை இன்னொரு நிரலில் திறக்காதீர்கள். பூட்டு மோதி எழுதுவது நின்றால் கோப்பே திறக்காமல் போகும். முடிந்தபின் நகலெடுத்து, நகலைத் திறக்கவும்.

அனுப்புமுன் வெளியே எடுத்த கோப்பை வேறொரு நிரலில் திறந்து மூன்று எண்ணை மென்பொருளின் திரையோடு ஒப்பிடுங்கள்: இரும்பு மேப்பின் மொத்தக் கூட்டல், உச்சப் பிக்சலின் மதிப்பு, அந்த உச்சம் இருக்கும் வரிசையும் நெடுவரிசையும். கூட்டலும் உச்சமும் பொருந்தி இடம் மட்டும் 149-இலிருந்து கழித்த வரிசையாக வந்தால் மேப் தலைகீழ். இடமும் உச்சமும் பொருந்திக் கூட்டல் மாறினால் சில வரிசைகளோ எதிர்ம எண்களோ எங்கோ விழுங்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் பொருந்தினால் செம்புக் கம்பியின் நீண்ட கை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பலாம்.